கைமாறி வந்த லேத்துக்கு எந்த எண்ணெய்? சிங்கப்பூர்ச் சூழலுக்கான ஓர் ஒப்பீட்டு அலசல்

சிங்கப்பூரில் கைமாறிக் கிடைக்கும் பழைய லேத்துகள், அதாவது கடைசல் இயந்திரங்கள், பல நாடுகளில் பிறந்தவை. பிரிட்டனின் மைஃபோர்டு, கால்செஸ்டர், ஹாரிசன், அமெரிக்காவின் சவுத் பெண்ட், 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்எம்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மரபும், எண்ணெய் விடுவதற்குத் தனி ஏற்பாடும் உண்டு. அப்படியிருந்தும், வாங்கியவர் முதலில் கேட்கும் கேள்விக்கு அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது: கையில் இருக்கிற ஏதாவது ஓர் எண்ணெயை விடுங்கள், வறண்டு ஓடுவதைவிட அது மேல். வறண்டு ஓடுவதைவிட எதுவும் மேல் என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது ஆண்டு உழைத்த இயந்திரம் இன்னும் முப்பது ஆண்டு உழைக்க வேண்டுமென்று நினைப்பவருக்கு அந்தப் பதில் போதாது.

எண்ணெயின் பெயரையோ விலையையோ பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. அது இயந்திரத்தின் எந்த இடத்துக்குப் போகிறது, எந்த வழியாகப் போகிறது, போய்ச் சேர்ந்தபின் இந்த ஊரின் ஈரக்காற்றை எப்படித் தாங்குகிறது என்ற மூன்றையும் வைத்தே எண்ணெய்களை ஒப்பிட வேண்டும். மூன்றாவதைப் பற்றிப் பழைய கையேடுகள் எதுவும் பேசுவதில்லை. அவை நாட்டிங்ஹம் அருகேயோ இந்தியானா மாநிலத்திலோ இருந்த ஒரு தொழிற்சாலையின் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எண்களைப் படிப்பதில் தொடங்குவோம்

மசகு எண்ணெய்க் கலன்களின் மேல் விஜி 32, விஜி 68, விஜி 220 என்று அச்சிட்டிருப்பது, 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, எத்தனை சென்டிஸ்டோக் என்பதைக் காட்டுகிறது; எண் கூடினால் எண்ணெய் கெட்டி. இதில் 10 விழுக்காடு ஏற்றத்தாழ்வுக்கு இடமுண்டு. இந்த வரிசையை ஐஎஸ்ஓ 3448 தரநிலை 1975இல் வகுத்தது. அதற்கு முந்தைய அமெரிக்கக் கையேடுகள் சேபோல்ட் வினாடிகளில், அதாவது குறிப்பிட்ட அளவு எண்ணெய் ஒரு சிறு துளை வழியே வடிய எடுக்கும் நேரத்தில், பேசும். பிரிட்டிஷ் கையேடுகள் ரெட்வுட் வினாடிகளில் பேசும், அல்லது அன்றைக்குக் கடையில் கிடைத்த ஒரு வணிகப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 150 சேபோல்ட் வினாடி என்றிருந்தால் இன்றைய விஜி 32 என்றும், 315 வினாடி என்றிருந்தால் விஜி 68 என்றும் கொள்ளலாம். சவுத் பெண்ட் தன் சுழல்தண்டுக்கு (வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டுக்கு) கேட்ட 100 வினாடி எண்ணெய், விஜி 22க்கு மிக அருகில் வருகிறது. இந்தியப் பட்டறைகளில் ‘சர்வோ சிஸ்டம் 68’ என்று பெயர் சொல்லி வாங்கிப் பழகியவர்கள், அதே 68 என்ற எண்ணைக் கொண்டு இங்கே வேறு நிறுவனத்தின் ஹைட்ராலிக் எண்ணெயைத் தயங்காமல் வாங்கலாம்.

வாகன எண்ணெய்களின் எஸ்ஏஇ எண்களை இந்த வரிசையோடு குழப்பிக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் சிக்கல். என்ஜின் எண்ணெயில் எஸ்ஏஇ 20 என்பது ஏறத்தாழ விஜி 68. எஸ்ஏஇ 30 என்பது ஏறத்தாழ விஜி 100. ஆனால் கியர் எண்ணெயில் எஸ்ஏஇ 90 என்று போட்டிருப்பது, எண் பெரிதாகத் தெரிந்தாலும், விஜி 220ஐ ஒட்டியதுதான். எல்லாக் கார்ப் பட்டறைகளிலும் கிடைக்கும் 20டபிள்யூ-50 என்ஜின் எண்ணெய் 40 டிகிரியில் 150 சென்டிஸ்டோக்கைத் தாண்டிவிடும். விஜி 32 கேட்கும் ஒரு சுழல்தண்டுக்கு அதை விடுவது, கேட்டதைப்போல் ஐந்து மடங்கு கெட்டியான ஒன்றை உள்ளே திணிப்பதாகும்.

இனி வெப்பநிலை. இங்கிலாந்தின் குளிர்ந்த கொட்டகையில் 15 டிகிரியில் நிற்கும் லேத்துக்குள் விஜி 68 எண்ணெய் 250 சென்டிஸ்டோக்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். நம்முடைய 30 டிகிரியில் அதே எண்ணெய் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே இந்த ஊருக்கு ஒரு படி கெட்டியான எண்ணெய் வேண்டும் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். இந்த முடிவு ஓர் இடத்தில் சரி, இன்னோர் இடத்தில் தவறு. எங்கே சரி, எங்கே தவறு என்பதை இடம் இடமாகப் பார்ப்பதே நல்லது.

சுழல்தண்டு: ஹைட்ராலிக் எண்ணெயா, என்ஜின் எண்ணெயா?

லேத்தின் உயிர், சுழல்தண்டைத் தாங்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் இருக்கிறது. 1946இல் வந்த மைஃபோர்டு எம்எல்7இன் சுழல்தண்டு, வெள்ளை உலோகப் புஷ்களில் (தண்டைத் தாங்கும் உறைகளில்) சுழல்கிறது. மேலே இருக்கும் சொட்டுக் கிண்ணங்களிலிருந்து எண்ணெய் துளித்துளியாக இறங்குகிறது. 1953இல் வந்த சூப்பர் 7, முன்பக்கத்தில் கூம்பு வடிவ வெண்கலப் புஷ்ஷும் பின்பக்கத்தில் பந்து பேரிங்குகளும் கொண்டது. சவுத் பெண்ட் லேத்துகளில் கீழே உள்ள தொட்டியிலிருந்து ஒரு ஃபெல்ட் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே தண்டுக்குக் கொடுக்கிறது. கால்செஸ்டர், எச்எம்டி போன்ற பெரிய இயந்திரங்களில் பல்சக்கரங்கள் எண்ணெய்க் குளியலில் மூழ்கிச் சுழன்று வாரியடிக்கின்றன. பாதைகள் இவ்வளவு வேறுபடும்போது எண்ணெயும் வேறுபடத்தான் செய்யும்.

மைஃபோர்டின் பழைய பரிந்துரையே இதற்கு நல்ல சான்று. சுழல்தண்டுக்கு எஸ்ஸோ நூட்டோ எச் 32, சறுக்குப் பரப்புகளுக்கு எஸ்ஸோ ஃபெபிஸ் கே 68. முதலாவது விஜி 32 ஹைட்ராலிக் எண்ணெய். இரண்டாவது விஜி 68 சறுக்குவழி எண்ணெய். ஒரு சிறிய லேத்துக்கே இரண்டு எண்ணெய்களைக் கேட்டவர்கள் வீம்புக்காகக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் என்ஜின் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகச் சொல்லியாக வேண்டும். என்ஜின் எண்ணெயில் அழுக்கைப் பிரித்து மிதக்கவிடும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. காரில் அது நன்மை, ஏனென்றால் மிதக்கும் அழுக்கை வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. பழைய லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் வடிகட்டி பெரும்பாலும் இல்லை. அங்கே அழுக்கு அடியில் படிந்து கிடப்பதுதான் நல்லது, மிதந்துகொண்டே பேரிங்குக்குள் போவது நல்லதல்ல. இந்த வாதம் எண்ணெய்க் குளியல் உள்ள இயந்திரத்துக்கே முழுமையாகப் பொருந்தும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொட்டுக் கிண்ணத்திலிருந்து இறங்கி, புஷ்ஷைக் கடந்து, வெளியே வழிந்துபோகும் எண்ணெய்க்கு அழுக்கை மிதக்கவிட நேரமே இருப்பதில்லை.

ஆனால் சிங்கப்பூரில் என்ஜின் எண்ணெய்க்கு எதிராக அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது: தண்ணீர். ஹெட்ஸ்டாக் ஓடும்போது சூடாகி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. நின்று ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் நீர் உள்ளே போகிறது. இரண்டு ஜாம் பாட்டில்களை எடுத்து, ஒன்றில் ஹைட்ராலிக் எண்ணெயையும் மற்றொன்றில் என்ஜின் எண்ணெயையும் பாதியளவு ஊற்றி, இரண்டிலும் சிறிது தண்ணீர் விட்டு, மூடி நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஹைட்ராலிக் எண்ணெயில் தண்ணீர் சிறு முத்துகளாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு தெளிந்த படலமாக இறங்கி நிற்கும். என்ஜின் எண்ணெயோ வெளிறிய பாலாடை நிறத்துக்கு மாறி, நெடுநேரம் அப்படியே நிற்கும். அடியில் இறங்கிய தண்ணீரை வடிகால் திருகைத் திறந்து எடுத்துவிடலாம். எண்ணெயோடு கலந்து நிற்கும் தண்ணீரை எடுக்க முடியாது. அது பல்சக்கரத்தின்மேலும் பேரிங்கின்மேலும் படிந்து, இயந்திரம் நிற்கும் வாரங்களில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியில் வெண்மை தட்டினால் அதன் பொருள் இதுதான்.

ஆகவே சுழல்தண்டுக்கு ஹைட்ராலிக் எண்ணெய்தான் என் தேர்வு. கையேடு சொல்லும் பாகுத்தன்மை எதுவோ அதே எண்ணில். ஊர் வெப்பத்துக்காக ஒரு படி ஏற்ற வேண்டியதில்லை. ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் புஷ்கள் எந்த ஊரிலும் சூடாகிவிடுகின்றன. கையேட்டின் எண் அந்த ஓட்ட வெப்பத்தை எண்ணியே கொடுக்கப்பட்டது. நெருக்கமான இடைவெளி கொண்ட புஷ்ஷில் கெட்டி எண்ணெய் விட்டால் வெப்பம் கூடும். ஃபெல்ட் திரியில் கெட்டி எண்ணெய் போதிய வேகத்தில் ஏறாது, தண்டு பட்டினி கிடக்கும். தேய்ந்த புஷ்ஷின் ஓசையை அடக்கக் கெட்டி எண்ணெய் ஊற்றும் வழக்கம் விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் இயந்திரங்களில் சகஜம். வாங்கும் முன் கண்ணாடி மூடியைத் திறந்து, விரலில் தொட்டு, எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பது நல்லது. இந்த ஊருக்காக மாற்ற வேண்டியது சொட்டும் வேகத்தைத்தான். இளகிய எண்ணெய் வேகமாக இறங்கும். ஊசித் திருகைக் கொஞ்சம் இறுக்கிக் கிண்ணம் காலியாகும் நேரத்தைக் கவனித்துச் சரிசெய்ய வேண்டும். வேலை முடிந்ததும் ஊசியை மூட மறந்தால், விடிவதற்குள் கிண்ணம் வற்றி, மறுநாள் வறண்ட புஷ்ஷில் மோட்டார் ஓடும்.

தானியங்கி கியர் பெட்டிகளுக்கும் வாகனங்களின் பின் அச்சுக்கும் விற்கப்படும் எண்ணெய்களை இங்கே பேசாமல் விடலாமென்று இருந்தேன். ஆனால் ‘கியர் இருக்கிறதே, கியர் எண்ணெய்தானே’ என்று கேட்பவர்கள் அதிகம். ஜிஎல்-5 வகைக் கியர் எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் வெண்கலத்தையும் பித்தளையையும் அரிக்கக்கூடியவை. வெண்கலப் புஷ்கள் நிறைந்த பழைய லேத்துக்கு அது வேண்டாம்.

படுக்கையும் சறுக்குப் பரப்புகளும்: இங்கேதான் தேர்வு உண்மையில் திறந்திருக்கிறது

வெட்டும் உளியைத் தாங்கும் சேடில், லேத்தின் நீண்ட அடித்தளமான படுக்கையின்மேல் நகர்வதும், சேடிலின்மேல் குறுக்காக நகரும் கிராஸ் ஸ்லைடு முன்னும் பின்னும் போவதும் மிக மெதுவான அசைவுகள். சுழலும் தண்டு தானாக எண்ணெயை இழுத்துத் தன்னடியில் ஒரு படலம் கட்டிக்கொள்கிறது. ஊர்ந்து செல்லும் சேடிலால் அது முடியாது. எண்ணெய் பிதுங்கி வெளியேறி, உலோகம் உலோகத்தைத் தொட்டு, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று விடுபட்டு நகரும். கைச்சக்கரத்தை நூலளவு திருப்பும்போது முதலில் ஒன்றும் நகராமல், பிறகு ஒரேயடியாகத் தாவுவது இதனால்தான். துல்லியமாகக் கடைசல் செய்ய நினைப்பவருக்கு இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. சறுக்குவழி எண்ணெயில் இந்தத் தாவலைக் குறைக்கும் சேர்மமும், செங்குத்தான பரப்பிலிருந்தும் வழிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் பிசுபிசுப்பும் இருக்கின்றன. மொபில் வாக்ட்ரா எண் 2 விஜி 68. வாக்ட்ரா எண் 4 விஜி 220. ஷெல் டோனா வரிசையிலும் இந்த இரண்டு எண்களும் உண்டு.

முதலில் 68க்கும் 220க்கும் இடையே உள்ள போட்டி. சிறிய, நடுத்தர லேத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுபவருக்கு 68தான் பொருத்தம். ஒடுங்கிய எண்ணெய்த் துளைகள் வழியாக அது சுலபமாகப் போகும், கைச்சக்கரம் இலகுவாகச் சுழலும், பழைய எண்ணெயும் துகள்களும் விளிம்பிலிருந்து பிதுங்கி வெளியேறும். 220 கனமானது, பெரிய, கனத்த சேடில் உள்ள இயந்திரத்துக்கு அது ஏற்றது. மேலே சொன்ன வெப்பநிலை வாதம் இங்கேதான் செல்லுபடியாகிறது: சறுக்குப் பரப்புகள் ஓட்டத்தால் சூடாவதில்லை, ஊர் வெப்பத்திலேயே வேலை செய்கின்றன, நம் 30 டிகிரியில் 68 எண்ணெய் இளகித்தான் போகிறது. தேய்ந்த படுக்கை உள்ள, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் லேத்துக்கு 220ஐ நான் தேர்ந்தெடுப்பேன். அது மெதுவாக வழிவதால் நிற்கும் நாள்களில் துருவுக்கு எதிரான போர்வையாகவும் நிற்கும். அதன் குறை, நுண்துகள்களை விடாமல் பிடித்துக்கொள்வது. வார்ப்பிரும்பைக் கடைந்தபின் அந்தக் கரும்பொடியோடு சேர்ந்த 220 எண்ணெய், தேய்ப்புப் பசையாகவே மாறிவிடுகிறது. வார்ப்பிரும்பு வேலைக்கு முன் படுக்கையைத் துணியால் துடைத்து உலர வைத்துவிட்டு, வேலை முடிந்து பொடியை உறிஞ்சு கருவியால் எடுத்தபின் எண்ணெய் விடுவதுதான் எந்த எண்ணெய்க்கும் பொது விதி.

ஹைட்ராலிக் விஜி 68ஐ இதற்குப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், நடைமுறையில் எத்தனையோ பட்டறைகள் அப்படித்தான் ஓடுகின்றன. சறுக்குவழி எண்ணெயைவிட விரைவில் வழிந்துவிடும், அவ்வளவுதான். அடிக்கடி எண்ணெய்க் குவளையைக் கையில் எடுக்கத் தயங்காதவருக்கு அது கெடுதி செய்யாது. ஆனால் மறுதிசையில் இந்தச் சலுகை இல்லை: சறுக்குவழி எண்ணெயை ஹெட்ஸ்டாக் திரியில் விடக்கூடாது, அதன் பிசுபிசுப்பு திரியை அடைத்துவிடும்.

மரம் அறுக்கும் சங்கிலி வாளுக்கு விற்கும் எண்ணெயும் பிசுபிசுப்பானது, மலிவானது. படுக்கைக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அதில் துருத்தடுப்புச் சேர்மங்கள் இருக்கும் என்று நம்புவதற்கில்லை; சில வகைகள் தாவர எண்ணெயில் செய்யப்படுபவை. வெளியே தெரியும் மாற்றுப் பல்சக்கரங்களுக்கு (மரை வெட்டுவதற்காகக் கழற்றி மாற்றும் சக்கரங்களுக்கு) வேண்டுமானால் அதைத் தொடலாம். தாவர எண்ணெய் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: தேக்காவில் சுலபமாகக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ இயந்திரத்தில் விடுவது, நம் வீடுகளில் தையல் இயந்திரத்துக்கும் கதவுக் கீலுக்கும் செய்து பழகிய ஒன்று. விளக்கெண்ணெய் ஒரு காலத்தில் விமான என்ஜின்களிலேயே ஓடியது என்பதும் உண்மை. ஆனாலும் காற்றுப்பட்ட தாவர எண்ணெய் ஆக்சிஜனேறிப் பிசினாக இறுகும். லேத்தின் ஒடுங்கிய துளைகளில் அப்படி இறுகியதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

தெளிப்பான் டப்பாக்களைப் பற்றி இரண்டு வரி போதும். டபிள்யூடி-40, ஈரத்தை விரட்டவும் இறுகிய திருகைத் தளர்த்தவும் நல்ல பொருள். அதில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். எஞ்சும் படலம் மிக மெல்லியது. அதைத் துடைப்பதற்குப் பயன்படுத்துங்கள், எண்ணெய்க்கு மாற்றாக அல்ல.

கிரீஸா, எண்ணெயா?

மைஃபோர்டு போன்ற சில லேத்துகளில் எண்ணெய் விடும் நிப்பிள்கள் பார்ப்பதற்குக் கிரீஸ் நிப்பிள்களைப் போலவே இருக்கும். முந்தைய உரிமையாளர் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தியிருந்தால், உள்ளே செல்லும் துளை முழுக்க இறுகிய கிரீஸ் நிறைந்திருக்கும். அதன்பின் எத்தனை எண்ணெய் விட்டாலும் ஒரு துளிகூட உள்ளே சேராது. வாங்கியதும் ஒவ்வொரு நிப்பிளையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துளைக்குள் மெல்லிய செம்புக் கம்பியை நுழைத்துப் பாருங்கள். கம்பியின் நுனியில் பழுப்பு நிறத்தில் மெழுகைப்போன்ற ஒரு திரள் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான் அந்தக் கிரீஸ். புதிய எண்ணெயை மெதுவாக அழுத்தி, மறுமுனையில், அதாவது சேடிலின் விளிம்பிலோ புஷ்ஷின் ஓரத்திலோ, முதலில் கறுப்பாகவும் பிறகு தெளிவாகவும் எண்ணெய் கசியும்வரை விட வேண்டும். கசிவு கண்டு கலங்க வேண்டாம். வழிந்துபோக வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. வழியும் எண்ணெய் துகளையும் கூட்டிக்கொண்டு போகிறது.

வெளியே தெரியும் மாற்றுப் பல்சக்கரங்களில் மட்டும் கிரீஸுக்கும் எண்ணெய்க்கும் உண்மையான போட்டி உண்டு. கிரீஸ் தெறிக்காது, ஓசையைக் குறைக்கும், நாள்பட நிற்கும். ஆனால் பற்களின் அடியில் உலோகச் சீவல்களைச் சேர்த்து வைத்து, பற்களுக்கிடையே அவற்றை அரைக்கும். மூடி நன்றாகப் பொருந்தியிருந்தால் கிரீஸ். மூடி இல்லாத பழைய இயந்திரமானால் கெட்டியான சறுக்குவழி எண்ணெய். சேடிலை இழுத்துச் செல்லும் நீண்ட மரைத்தண்டான லீட் ஸ்க்ரூவுக்குக் கிரீஸ் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. திறந்த மரையில் ஒட்டும் ஒவ்வொரு சீவலும் அதைப் பற்றிக்கொள்ளும் அரைமரையைத் தின்கிறது.

நிற்கும் நாள்களில்

ஓடும்போது தேய்ந்த லேத்தைவிட, ஓடாமல் துருப்பிடித்த லேத்துகளையே இங்கே அதிகம் காண்கிறேன். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்குகிறது. நம்மூர்க் காற்று பெரும்பாலான நேரம் அதற்கு மேல். இதோடு குளிர்சாதனமும் சேர்ந்துகொள்கிறது. 28 டிகிரியும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 டிகிரி. குளிரூட்டிய அறையில் 22, 23 டிகிரிக்கு ஆறிய கனத்த வார்ப்பிரும்புப் படுக்கை, மாலையில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்ததும் வியர்க்கும். குளிர்பானக் கோப்பையின் வெளியே நீர் அரும்புவதைப்போல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மறுநாள் காலையில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கின் மேல் செம்புள்ளிகளாகத் தெரியும். குளிர்சாதனம் உள்ள இடத்தில் லேத்தை வைப்பதானால் அது எப்போதும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் மின்விசிறி மட்டும் உள்ள கூடமே மேல்.

துருத்தடுப்புக்கு நான்கு வழிகள் போட்டியிடுகின்றன. முதலாவது, சறுக்குவழி எண்ணெயையே மெல்லப் பூசிவிடுவது. ஒரு வாரம், இரு வாரம் இடைவெளிக்கு இது போதும், கூடுதல் செலவும் இல்லை. இரண்டாவது, ஆட்டு ரோமக் கொழுப்பான லேனோலின் கலந்த தெளிப்பு. அது மெழுகைப்போல் ஒட்டி மாதக்கணக்கில் காக்கும். மறுபடி ஓட்டும் முன் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள், பணி நிமித்தம் நீண்ட நாள் வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும். மூன்றாவது, ஈரம் உறிஞ்சும் மின்கருவி. மூடிய அறையில் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் லேத்துக்கு மட்டுமன்றி அளவுகோல்கள், டிரில்கள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு. ஆனால் அறை உண்மையிலேயே மூடியிருக்க வேண்டும். கதவு திறந்த தொழிற்பேட்டைக் கூடத்தில் அது தெருவையே உலர்த்த முயலும். நான்காவது எளியது, அதனாலேயே மறக்கப்பட்டது: இயந்திரத்தின் அடியில், துணி மூடிக்குள், சிறிய வாட் அளவுள்ள ஒரு வெப்பமூட்டியை எரியவிடுவது. இரும்பு சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தாலே பனி படியாது.

பரப்பளவு குறைந்த கூடத்தில், வாரம் ஒருமுறை ஓட்டுபவருக்கு, முதல் வழியும் நான்காவது வழியும் சேர்ந்ததே சிறந்தது என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தாலும் பிளாஸ்டிக் தாளால் லேத்தைப் போர்த்தாதீர்கள். உள்ளே சிக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே படியும். பருத்தித் துணி போதும். வெறுங்கையால் தொட்ட இடத்தைத் துடைக்காமல் போகவும் கூடாது. வியர்வையின் உப்பு, விரல் ரேகையின் வடிவிலேயே துருவை வரைந்துவிடும்.

துரு ஏற்கெனவே வந்திருந்தால், படுக்கையின் சறுக்குப் பரப்பில் உப்புத்தாளையோ உராய்வு நார்த்தாளையோ வைத்துத் தேய்க்க வேண்டாம். அவற்றின் துகள்கள் வார்ப்பிரும்பின் நுண்குழிகளில் புதைந்து பின்னாளில் சேடிலை அரிக்கும். மெல்லிய எஃகு நாரும் மண்ணெண்ணெயும் கொண்டு பொறுமையாகத் துடைப்பதே பாதுகாப்பு. கறை எஞ்சினால் எஞ்சட்டும், அளவு கெடாது.

குளிர்விப்பு நீர்

தண்ணீரில் கரையும் வெட்டு எண்ணெய், உற்பத்திப் பட்டறைக்கு ஏற்றது. பழைய லேத்தில் அது சறுக்கு எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய், படுக்கையின் மறுமுனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கின் அடியில் தேங்கித் துருவாக்கும். நம் வெப்பத்தில் நுண்ணுயிர் பெருகி நாறவும் செய்யும். எஃகுக்குத் தண்ணீர் கலக்காத வெட்டு எண்ணெயைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும். பித்தளையும் வார்ப்பிரும்பும் உலர்ந்தே கடைசலாகும்.

வாங்குவதும் கழிப்பதும்

இரண்டு எண்ணெய்களே போதும்: சுழல்தண்டுக்கு விஜி 32 அல்லது கையேடு சொல்லும் எண்ணில் ஹைட்ராலிக் எண்ணெய், படுக்கைக்கு விஜி 68 சறுக்குவழி எண்ணெய். தொழிற்சாலை எண்ணெய்கள் பெரும்பாலும் 20 லிட்டர் வாளியில் விற்கப்படுகின்றன. ஒரு தனியாளின் லேத்துக்கு அது ஆண்டுக்கணக்கில் தீராது. ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளில் சிறிய கலன்களில் கேட்டுப் பார்க்கலாம். அல்லது லேத் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வாளியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பங்கிட்டதை ஊற்றும் புட்டியில் எண்ணும் வகையும் எழுதி ஒட்டிவிடுங்கள். பழுப்பு நிறத்தில் எல்லா எண்ணெயும் ஒன்றுபோலவே தெரியும். திரி உள்ள ஹெட்ஸ்டாக்கில் சறுக்குவழி எண்ணெய் போய்ச் சேருவது இப்படித்தான்.

ஹெட்ஸ்டாக் எண்ணெயை முதல்முறை மாற்றும்போது, பழையதை வடித்துவிட்டு, புதிய எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றிக் கையால் சக்கைச் சுழற்றி அலசி வடித்து, அதன்பின் முழு அளவு நிரப்ப வேண்டும். சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை வடித்தால், பழைய படிவுகளில் பெரும்பகுதி வந்துவிடும். ஃபெல்ட் திரி இறுகிக் கறுத்திருந்தால் கழுவிப் பார்ப்பதைவிட மாற்றுவதே மேல்.

வடித்த எண்ணெயை வடிகாலிலோ கழிப்பறையிலோ ஊற்றுவது இங்கே சட்டப்படி குற்றம். மூடியுள்ள கலனில் சேர்த்து வைத்து, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தொழிற்பேட்டையில் இடம் வைத்திருப்பவர்கள், தம் அண்டைப் பட்டறைக்கு அத்தகைய சேகரிப்பாளர் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால், சிறு அளவு எண்ணெயையும் முறையாகக் கழித்துவிடலாம்.